கண்ணையனின் சொந்தப் புத்தி

என் அக்கா புருஷன் கண்ணையனைப் பற்றி பிரம்மதேசத்துப் பக்கம் யாரைக் கேட்டாலும், மிராசுதார் அவனை விலைக்கு வாங்கிவிட்டார் என்பார்கள். கொஞ்சம் நல்ல மனசுக்காரர்களாக இருந்தால், பாவம், ஏமாந்துவிட்டான் என்பார்கள். அவர் பிறந்து வளர்ந்த சேரியிலேயே இதைத்தான் சொன்னார்கள். நான் அவருக்கு மச்சினி, பெயர் வீரம்மாள், விழுப்புரத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். மாமாவை வாய்க்கு வந்தபடி கேலி பண்ண எனக்கு உரிமை உண்டு, பண்ணியும் இருக்கிறேன். ஆனால் இந்த இரண்டையும் நான் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டும் பொய். அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மாமா நல்ல உயரம். பேச்சு கம்மி. பர்மா பக்கம் சண்டைக்குப் போய், துப்பாக்கி பிடிக்காமல் ரோடு போட்டுவிட்டு, ஒரு காக்கி நிஜாரோடு திரும்பி வந்தவர். அந்த நிஜாரையும் ஒரு ஜோடி செருப்பையும் மாட்டிக்கொண்டு அவர் ஊர்த்தெரு வழியாக நடப்பார். எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போன காலம் அது. என் அக்கா கெங்கம்மாள் நாலு அடி பின்னால் தள்ளி, யார் எப்போது கல்லெடுப்பார்களோ என்று பார்த்துக்கொண்டே போவாள். "உங்க மாமனுக்கு பட்டாளத்துல பயத்த பிடுங்கிட்டு அனுப்பிட்டாங்க, அதையும் சேத்து நானே பயந்துகினு இருக்கிறேன்" என்று என்னிடம் புலம்புவாள்.

அவருக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஆட்களுக்கென்று ஒதுக்கிக் கொடுத்த பஞ்சமி நிலம். சேரியில் பதினான்கு குடும்பங்களுக்கு அப்படி நிலம் உண்டு. எல்லாம் ஒரே தாக்காக ஒட்டியிருந்த நிலம், மாமாவின் துண்டு நட்டநடுவில். அதில் அவரும் அக்காவும் கோடைக்குக் கோடை தாங்களே வெட்டி எடுத்த கிணறு ஒன்று இருந்தது. மழையை நம்பி மல்லாட்டை என்கிற நிலக்கடலை மட்டும் போட்டுக்கொண்டிருந்த மண்ணில், கிணறு வந்த பிறகு கேப்பையும் கொஞ்சம் நெல்லும் வந்தது. கூலிக்குப் போகாமல் சொந்தச் சோறு தின்ற குடும்பம் அந்தச் சேரியில் அது ஒன்றுதான்.

ஊரில் சாவு விழுந்தால் எங்கள் ஆட்கள் போய் மேளம் அடிக்க வேண்டும். அது கேட்டுப் பெறுகிற வேலை இல்லை, கட்டாயம். ஐம்பத்திரண்டு வாக்கில் மாமா, இனிமேல் நாங்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார். ஊர் கொதித்துப் போனது. அந்த அறுப்புக்குச் சேரியில் ஒருவருக்கும் வேலை கொடுக்கவில்லை. அடுப்பு எரியாத அந்த நாட்களில் திண்டிவனத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியவர் சுப்பராயலு. அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தவர், சமத்துவ மன்றம் என்று ஒன்று நடத்தியவர். சாதியில் அவர் ஊர்க்காரர் பக்கம். ஆனாலும் தாசில்தார் முன்னால் போய் எங்களுக்காகத் தொண்டை கிழியப் பேசினார். என் அக்கா வீட்டில் தரையில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார். அன்றைக்கு எங்களுக்காக நின்றவர் அவர் ஒருவர்தான், அதை நான் மறைத்தால் என் வாய் அழுகிப் போகும்.

அதிலிருந்து மன்றம் எங்கே கூட்டம் போட்டாலும் மாமாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். "மேளத்தைக் கிழித்தெறிந்த கண்ணையன் இதோ" என்று மேடையில் நிறுத்தி மாலை போடுவார்கள். ஜனங்கள் கை தட்டுவார்கள்.

"நான் எப்பம்மா கிழிச்சேன்? வரமாட்டேன்னுதானே சொன்னேன்" என்பார் மாமா என்னிடம்.

"மாலை போட்டாங்களே, மைக்கு குடுத்தாங்களா மாமா?"

"அவங்களே நல்லா பேசறாங்க. நான் எதுக்கு?"

"அப்ப நீ வெறும் கல்யாணப் பொண்ணு. ஒக்காந்து எழுந்து வந்துட்ட."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எட்டு வருஷம் அந்த மன்றத்தின் மேடைகளில் உட்கார்ந்தார். அவர்கள் ஒரு தடவையும் மைக்கைக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் ஊரில் கூட்டுறவுச் சங்கம் ஒன்று வந்தது. அதன் நிர்வாகத்தில் எங்கள் ஆட்கள் ஒருவர் இருக்க வேண்டும் என்று சுப்பராயலு போராடி மாமாவை உறுப்பினர் ஆக்கினார். சந்தோஷமாகத்தான் போனார் மாமா, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு. சங்கத்தின் கூட்டம் தலைவர் வீட்டுக் கூடத்தில் நடக்கும். தலைவர் வீட்டுக் கூடத்துக்குள் மாமா போக முடியாது. ஆகவே மற்றவர்கள் உள்ளே பாயில் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள், இவர் வாசலில் வெயிலில் நிற்பார். எல்லாம் முடிந்ததும் ஒருவர் ஜன்னல் பக்கம் வந்து தீர்மானத்தைப் படித்துக் காட்டுவார். கம்பிக்கு நடுவில் காகிதம் வரும், கையெழுத்துப் போட வேண்டும். எருவும் விதையும் வந்தபோது உள்ளே உட்கார்ந்திருந்தவர்களின் நிலத்துக்கு முதலில் போனது, வாசலில் நின்றவருடைய ஆட்களுக்கு வந்தபோது விதைப்புப் பருவமே தாண்டிவிட்டது. இரண்டு வருஷம் ஜன்னலில் கையெழுத்துப் போட்டார் மாமா. அதற்குப் பிறகு போகவில்லை.

இதை விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் வந்த சண்டைக்கெல்லாம் வேர் இந்த ஜன்னலில் இருக்கிறது. அவருக்குப் புத்தி சொன்ன ஆள் யார் என்று தேடியவர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அறுபதாம் வருஷம் கூட்டுப் பண்ணைப் பேச்சு வந்தது. ஊர் நிலத்தையும் சேரி நிலத்தையும் வரப்பு எடுத்து ஒன்றாகப் போட்டு, எல்லோரும் சேர்ந்து உழுது, விளைந்ததைப் பகிர்ந்துகொள்வது. அதற்கு ஒரு சங்கம், அதற்கு ஒரு தலைவர். மன்றம் அதைத் தூக்கிப் பிடித்தது. வரப்பு போனால் சாதியும் போய்விடும் என்று சுப்பராயலு பேசினார். அவர் உண்மையாகவே அப்படி நம்பினார். சேரிக்கு வந்து பதினான்கு குடும்பத்தையும் கூட்டி உட்காரவைத்தார். பதின்மூன்று பேர் தலையாட்டினார்கள். நடுவில் இருக்கிற துண்டும் கிணறும் இல்லாமல் அந்தப் பண்ணைக்குத் தண்ணீர் இல்லை, ஆகவே எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

"நான் சேரலிங்க" என்றார் மாமா.

சுப்பராயலு அவர் ஏதோ வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தார். "இன்னா கண்ணையா, நீயே இப்டி சொன்னா எப்டி?"

"பொதுவுல போட்டது உள்ள உக்காந்துகினு இருக்கிறவனுக்குப் போவும். நாங்க வாசல்ல நிக்கிறவங்க. மொதல்ல கூடத்துல எங்கள உக்கார வெய்யுங்க. அதுக்கப்புறமா நெலத்தக் கேளுங்க."

"அது தானா வரும்பா. பண்ணை வந்தா எல்லாம் வரும்."

"வரட்டும். வந்ததும் சேத்துக்குறேன். இப்போ எங்கிட்ட இருக்கிறது இந்தத் துண்டு ஒண்ணுதான். எனக்கு ஒருத்தன் மரியாதை குடுக்குறான்னா அது இந்தக் கெணத்தப் பாத்து குடுக்குறான். அதை நான் தரமாட்டேன்."

சரியோ தப்போ, அது ஒரு பதில். அதற்கு எதிர்ப்பதில் சொல்லலாம், சண்டை போடலாம். சுப்பராயலு இரண்டும் செய்யவில்லை. "இதை உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி கேட்டபோது நான் அங்கேதான் இருந்தேன், அக்காவுக்கு மிளகாய் கிள்ளிக்கொண்டு. எனக்குக் கோபம் வந்தது. மாமாவுக்கு வரவில்லை. கேள்வியே அவருக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தச் சமயத்தில் புதிதாக ஒரு கட்சி கிளம்பியிருந்தது. பெயர் வேண்டாம், இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். அவனவன் நிலம் அவனவனுக்கு, அரசாங்கம் அதில் கை வைக்கக் கூடாது என்பது அவர்கள் பேச்சு. நிலம் உள்ளவர்கள்தானே அப்படிப் பேசுவார்கள். திண்டிவனத்தில் அந்தக் கட்சிக்குப் பெரிய ஆள் சீனுவாசன் என்ற மிராசுதார். மாமா அந்த நிஜாரை மாட்டிக்கொண்டு திண்டிவனத்துக்கு நடந்துபோய் அவர் வீட்டு வாசலில் நின்றார். யாரும் கூப்பிடவில்லை, ஆள் அனுப்பவில்லை. இவராகப் போனார். எங்கள் நிலத்தைப் பண்ணையில் சேர்க்கக் கூடாது என்று நான் மைக்கில் சொல்ல வேண்டும், இந்த ஊரில் அதைச் சொல்கிற மைக் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்றார்.

"உனக்கு இன்னாய்யா புத்தி கெட்டுப்போச்சா, அவங்க மிராசுதாருங்க. நம்ம ஆளுங்கள வேலை வாங்குறவங்க" என்று என் அக்கா சண்டை போட்டாள்.

"அவங்க எதுக்கு சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும் கெங்கம்மா. அவங்களுக்கு ஆயிரம் ஏக்கர் போவக்கூடாது. எனக்கு ரெண்டு ஏக்கர் போவக்கூடாது. சட்டம் ஒண்ணுதானே."

அறுபத்திரண்டு தேர்தலுக்கு முன்னால் திண்டிவனத்தில் நடந்த கூட்டத்தில் மாமா பேசினார். எட்டு வருஷம் மாலை வாங்கியவருக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக மைக் கிடைத்தது. கூட்டத்தில் பெண்கள் பக்கத்தில் நானும் அக்காவும் அவர்கள் மகள் அம்சவள்ளியும் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் கதையைத்தான் சொன்னார், நீட்டாமல், ஒப்பாரி வைக்காமல். "எனக்கு தானம் வேணாம். எனக்கு இருக்கிறத எடுக்காம இருந்தா போதும்" என்று முடித்தார். உன் மாமாவுக்கு இவ்வளவு பேசத் தெரியுமா என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்வரிசையில் மன்றத்துப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். சாதி ஒழிய வேண்டும் என்று எங்கள் சேரிச் சுவரில் கரியால் எழுதிவிட்டு, அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போன பிள்ளைகள்தான். அவர்கள் அவரைச் சாதிப் பெயர் சொல்லிக் கூவினார்கள். அதோடு இன்னொரு சொல்லையும் சேர்த்துக் கூவினார்கள், அதை நான் எழுத மாட்டேன். எங்களால்தானே நீ செருப்புப் போட்டு நடக்கிறாய், எச்சில் இலைக்கு அங்கே போய்விட்டாயா என்றார்கள். செருப்பை அவர் பர்மாவிலிருந்து போட்டுக்கொண்டு வந்தார் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஊர்க்காரர்கள் திட்டியபோதெல்லாம் எங்களுக்கு வலித்தது என்று சொல்ல முடியாது, அது பழகிப்போனது. இது வலித்தது. எங்கள் வீட்டில் சாப்பிட்ட வாய் அது.

அடுத்த வாரம் திண்டிவனம் கடைத்தெரு முழுக்கச் சுவரொட்டி. நிஜார் போட்ட ஒரு ஆள் கழுத்தில் மேளம் தொங்குகிறது, ஒரு பெரிய தொந்திக்கு முன்னால் நின்று அடிக்கிறான். மிராசுதாருக்கு மேளம் அடிக்கும் கண்ணையன் என்று கீழே போட்டிருந்தது. அந்த மேளத்தை அவர் விட்டதற்குத்தான் அதே ஆட்கள் எட்டு வருஷம் மாலை போட்டார்கள். கருத்து மாறுபட்டதும் அதை எடுத்து அவர் கழுத்திலேயே திரும்ப மாட்டிவிட்டார்கள். ஊர்க்காரர்கள்கூடப் பத்து வருஷமாக மாட்டத் துணியாததை இவர்கள் மாட்டினார்கள். சுவரொட்டியை மாமா நின்று பார்த்தார், பிறகு வாங்க வந்த துணிச் சவுக்காரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சரி, புதுக்கட்சிக்காரர்களாவது மதித்தார்களா என்று கேட்பீர்கள். மிராசுதார் நல்ல மாதிரி. அதட்டிப் பேச மாட்டார். அவர் வீட்டுப் பின்கட்டில் மாமாவுக்கு மட்டும் தனியாக ஒரு அலுமினிய டம்ளர் வைத்திருந்தார்கள். காபி குடித்துவிட்டுக் கழுவி மாடத்தில் வைத்துவிட வேண்டும். மாமா அதைத் தெரிந்துதான் குடித்தார், இரண்டாம் தடவையிலிருந்து எனக்குக் காபி பழக்கமில்லைங்க என்று சொல்லிவிட்டார். தேர்தலுக்குச் சில நாள் இருக்கும்போது மிராசுதார் அவரைக் கூப்பிட்டு, வேட்பாளர் ஊர்வலமாக வருகிறார், நல்ல வரவேற்பாக இருக்க வேண்டும் என்றார். மாமா தலையாட்டினார்.

"உங்க ஆளுங்க மேளம் ஒரு பத்து ஜோடி ஏற்பாடு பண்ணிடு கண்ணையா. நீ சொன்னா வருவாங்க. நீயும் முன்னால நின்னு அடிச்சா ஜோரா இருக்கும்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. சுவரொட்டியை அவர் பார்க்கவில்லை என்றும் நான் நம்ப மாட்டேன். கண்ணையன் என்றால் மேளம், அதில் தப்பாக எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்பதே அவர் மண்டையில் ஏறவில்லை. மாமா, "அந்த வேலைய விட்டுட்டேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அந்த வீட்டுப் படி பிறகு மிதிக்கவில்லை.

ஆனால் தேர்தலன்று ஓட்டு அவர்களுக்குத்தான் போட்டார். ரகசியமாக வைத்துக்கொள்ளவும் இல்லை. நானே சண்டைக்குப் போனேன். "அந்த டம்ளருக்கா மாமா ஓட்டு போட்ட?" என்று கேட்டேன்.

"டம்ளர் அவங்களுது வீரம்மா. நெலம் என்னுது. நெலத்துக்குப் போட்டேன்."

அப்போது அம்சவள்ளிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பையன் பெயர் பச்சைமுத்து, முகையூர்ப் பக்கம், எங்கள் ஆள்தான். மன்றத்தில் சுறுசுறுப்பான பையன், நன்றாகப் பாடுவான். மன்றத்து மேடையிலேயே ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக் கல்யாணம் என்று பேச்சு. அம்சவள்ளிக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. அவள் சொல்லவில்லை, ஆனால் அவன் பெயரை யாராவது எடுத்தால் கையில் இருக்கிற வேலையை மறந்துவிட்டு நிற்பாள். அந்தக் கல்யாணத்தை மன்றம் நிறுத்திவைத்தது. துரோகி வீட்டுப் பெண்ணை எங்கள் மேடையில் ஏற்ற முடியாது என்றார்கள். மன்றத்தை மீறிப் பச்சைமுத்துவுக்குப் பெண் எடுக்க அவன் வீட்டாருக்குத் தைரியம் இல்லை.

சேரியும் அதற்குள் மாமாவை ஒதுக்கிவிட்டது. அக்கா பக்கத்து வீட்டில் நெருப்புக் கேட்டால் கொடுக்கவில்லை. மல்லாட்டை பிடுங்க ஒரு ஆள் வரவில்லை. மாமாவும் அக்காவும் குனிந்து குனிந்து பிடுங்கியது போக மீதியைக் காக்கையும் எலியும் தின்றன. நான் லீவு போட்டுவிட்டு வந்து மூன்று நாள் பிடுங்கினேன். சேரிக்காரர்கள் மேல் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. மேளம் நின்ற வருஷம் அவர்கள் வயிற்றைக் காயப்போட்டு இவரோடு நின்றவர்கள். இன்றைக்கு இவர் போய் மிராசுதார் மேடையில் நிற்கிறாரே என்று அவர்களுக்கு வயிறு எரிந்தது.

வைகாசி பிறந்ததும் சுப்பராயலு வந்தார், சேரிப் பெரியவர்கள் நாலு பேரோடு. நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். பழையபடி தரையில் உட்கார்ந்தார். அக்கா கொடுத்த நீர்மோரைக் குடித்தார். முகத்தில் கோபமே இல்லை. சமாதானமாகப் போக வேண்டும் என்று உண்மையாகவே வந்திருந்தார்.

"கண்ணையா, பொண்ணு வாழ்க்கை. நாம எதுக்கு முறைச்சிக்கினு இருக்கணும்? வர்ற ஞாயித்துக்கெழமை கூட்டம். நீ மேடைக்கு வா. மிராசுதாரு சொல்லிக் குடுத்தாரு, வெவரம் தெரியாம பேசிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அதே மேடையில கல்யாணத்த முடிச்சிடலாம்."

மாமா கேட்டார், "நெலத்தப் பண்ணையில சேக்கணுமா?"

"அதக்கூட விடு. அப்புறமா பேசிக்கலாம். இந்த ஒரு வார்த்தை போதும்."

இதைக் கேட்டதும் அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நிலம் போகவில்லை, மகள் கல்யாணம் நடக்கும், ஒரு வார்த்தைதானே. அவள் மாமாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லிடுய்யா. வாயால சொல்றதுதானே."

"அவரு சொல்லிக் குடுக்கலியே" என்றார் மாமா.

"சரி, வேற யாரோ குடுத்தாங்கன்னு வெச்சுக்கோ" என்றார் சுப்பராயலு.

"யாரும் குடுக்கலிங்க. நான் பேசுனது தப்புன்னு சொல்லுங்க, வாதம் பண்ணலாம். நீங்க ஜெயிச்சா மேடையில ஏறி தோத்துட்டேன்னு சொல்றேன். ஆனா எனக்கா தோணலன்னு எப்டிங்க சொல்றது? தோணிச்சே."

"இவ்ளோ பிடிவாதம் ஆவாதுப்பா. நாங்க உன்ன மன்னிக்கத்தான் வந்திருக்கிறோம்."

"மேளம் அடிக்க மாட்டேன்னு சொன்னேனே, அது யாரு சொல்லிக் குடுத்ததுங்க?"

கூட வந்த பெரியவர் ஒருவர் மெதுவாக, "அது நம்ம மன்றம் சொல்லித்தானே" என்றார். மாமா அவரைப் பார்த்தார். சுப்பராயலு முதன்முதலாகச் சேரிக்கு வந்ததே மேளம் நின்று ஊர் பட்டினி போட்ட பிறகுதான். அந்தப் பட்டினியில் இந்தப் பெரியவரும் கிடந்தவர்தான். அவரே அதை மறந்துவிட்டார்.

கதவுக்குப் பின்னால் அம்சவள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை மாமா பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன், வேறு எப்போதும் பார்த்ததில்லை. வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். அவர்கள் எழுந்து போனார்கள்.

அன்றைக்கு எனக்கும் அவர் மேல் கோபம்தான். ஒரு பெண் பிள்ளையின் வாழ்க்கைக்கு ஒரு பொய் அதிகமா என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டேன். அவர் சொன்னார், "ஊர்க்காரன் நம்மள மனுசன் இல்லன்னு சொன்னான். இவங்க மனுசன்தான்னு ஒத்துக்குனாங்க. ஆனா மூளை மட்டும் அவங்களுதுன்னு எழுதிக் குடுக்கணுமாம். அத நானே என் வாயால எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் என்னாத்த வெச்சிக்கினு நான் அவளுக்கு அப்பன்?" தள்ளிய தட்டை நான் மறுபடி இழுத்துக்கொண்டேன்.

அம்சவள்ளியை நான் விழுப்புரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பச்சைமுத்துவுக்கு அந்த ஆவணியிலேயே வேறு பெண் பார்த்துவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து நான்தான் அலைந்து அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தேன். ரயில்வேயில் வேலை, குடிக்காத ஆள். கல்யாணத்துக்கு மாமா வந்தார், ஓரமாக நின்றார், பந்தியில் இலை போட்டார். அவள் அவர் காலில் விழுந்து எழுந்தாள், பேசவில்லை. பண்டிகைக்கு வந்தாலும், "அப்பாவ சாப்பிட வரச் சொல்லும்மா" என்று அக்காவிடம்தான் சொல்லுவாள். அவர் ஏதாவது கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் மாட்டாள், ஆனால் அவரிடம் நேராக ஒரு வார்த்தை போகாது.

கூட்டுப் பண்ணை மாமாவின் துண்டும் கிணறும் இல்லாமலேயே, மழையை நம்பி நடந்தது. பதின்மூன்று துண்டையும் ஊர் நிலத்தோடு சேர்த்தார்கள். சங்கத்தின் கூட்டம் தலைவர் வீட்டுக் கூடத்தில் நடந்தது. முதல் வருஷம் எல்லோருக்கும் பங்கு வந்தது, அடுத்த வருஷம் மழை இல்லை என்றார்கள், அதற்கடுத்த வருஷம் நிர்வாகம் பண்ண ஆள் இல்லை என்று சொல்லி மொத்த நிலத்தையும் தலைவரின் மைத்துனருக்கே நீண்டகாலக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. சேரியில் பதின்மூன்று குடும்பமும் தங்கள் நிலத்திலேயே கூலிக்குக் களை எடுத்தார்கள். சுப்பராயலு தாசில்தாரிடம் மறுபடியும் போய்த் தொண்டை கிழியப் பேசிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அதில் மனம் உடைந்து அவர் மன்றத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மாமா ஒருவரிடமும் நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லவில்லை. சேரி வீடுகளுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தபோது கிணற்றில் இறைத்துக்கொள்ளச் சொன்னார். அதிலிருந்து சேரி மெல்லப் பேச ஆரம்பித்தது. அவர் அதிர்ஷ்டக்காரர் என்று சொன்னார்கள்.

அறுபத்தெட்டில் மல்லாட்டை எடுப்புக்கு நானும் அம்சவள்ளியும் சேர்ந்து போனோம். அவளுக்கு அப்போது இரண்டாவது குழந்தை வயிற்றில். மாமா செடியைப் பிடுங்கி உதறிப் போட்டுக்கொண்டே முன்னால் போனார், நாங்கள் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து காயைப் பறித்துக் கூடையில் போட்டோம். வரப்புக்கு அந்தப் பக்கம் சேரிப் பெண்கள் கூலிக்கு அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பின்னால் குத்தகைக்காரனின் ஆள் குடை பிடித்துக்கொண்டு நின்று விரட்டினான். அம்சவள்ளி அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையில் இருந்த செடியை வைத்துவிட்டு எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உழவுச் சால் தாண்டித் தாண்டி அவர் நிற்கிற இடத்துக்குப் போனாள்.

"அப்பா" என்றாள்.

ஆறு வருஷம் கழித்து அந்தச் சொல். மாமா நிமிர்ந்து நின்றார். கையில் பிடுங்கிய செடி, வேரில் மண் தொங்குகிறது.

"நான் உன் மேல கோவமா இருந்தேம்ப்பா. இப்பத்தான் புரியுது. நல்ல வேளை, அன்னிக்கு அந்த மிராசுதாரு உனக்குப் புத்தி சொன்னாரு. அவரு சொல்லாங்காட்டி நாமளும் இவங்களோட நின்னுகினு இருப்போம். படிச்சவங்க, பெரிய மனுசங்க, அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது பாரு."

அன்பாகத்தான் சொன்னாள். கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு சொன்னாள். அவள் அவரை மன்னிக்க வந்திருந்தாள்.

நான் எழுந்துவிட்டேன். இல்லை பெண்ணே, உன் அப்பன் தானாக யோசித்த யோசனை அது, அதை யோசித்ததற்குத்தான் இவ்வளவும் பட்டார் என்று கத்த வாயைத் திறந்தேன். மாமா அவள் தோளுக்கு மேல் என்னைப் பார்த்தார். பேசாதே என்று அந்தப் பார்வை சொன்னது.

"ஆமாம்மா" என்றார். "அவருதான் சொன்னாரு."

அவள் முகம் தெளிந்துவிட்டது. அவர் கையில் இருந்த செடியை வாங்கி அங்கேயே சாலில் உட்கார்ந்து காய் பறிக்க ஆரம்பித்தாள், என்னென்னவோ பேசிக்கொண்டு, மூத்த பிள்ளை பேசுகிற மழலையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டு. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கிணற்றடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு அழுதேன்.